கொள்ளி வைத்தவன் விமானத்தில் செருப்புப் போடலாமா?

1

போன வாரம் எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. விமானத்தில் செருப்பைக் கழற்றலாமா, கூடாதா என்பது தலைப்பு. ஆரம்பித்து வைத்தவள் டோனா. உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் போடும் பகுதியில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். விடுமுறைக்கு எங்கோ கடற்கரைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். திரும்பும்போது பின் இருக்கைக்காரன் வெறுங்காலைத் தூக்கி இவளுடைய கைப்பிடியில் வைத்துவிட்டானாம். அவன் கட்டைவிரல் தன் முழங்கையில் பட்டது என்று அவள் சொன்னதும் மேஜையே முகம் சுளித்தது. ஆளுக்கொரு கதை கிளம்பியது. காலுறை நாற்றம், ஈரக் கழிப்பறை, நடு வானத்தில் நகம் வெட்டிய மகானுபாவன் என்று ஒருவராலும் சாப்பிட முடியவில்லை.

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான் எங்களில் அதிக தூரம் பறக்கிறவன். நீ சொல்" என்றாள் டோனா. கழற்றக் கூடாது என்றேன். தீர்ப்பு வந்துவிட்டதென்று கை தட்டினார்கள். நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். போன வருஷம் கார்த்திகையில் மூன்று விமானங்களில் வெறுங்காலோடு வந்து இறங்கியவன் நான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடிப்பது? அடுத்த வாரம் அப்பாவுக்கு முதல் வருஷத் தெவசம். அதற்கும் லீவு கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்காவது கொள்ளி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் விஷயத்தில் நான் மகா கறார். கனடாவில் இந்த வின்னிபெக்குக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் அடுத்தவன் காலைப் பார்த்து முணுமுணுப்பதே என் வேலையாக இருந்தது. நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தரையில் விரிப்பைக் கண்டால் போதும், வீட்டுக்குள் வந்துவிட்ட நினைப்பு. இருக்கையில் உட்காருவதற்கு முன்பே செருப்பு ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். சம்மணம் வேறு. வெள்ளைக்காரர்கள் ஒன்றும் குறைச்சல் இல்லை. அவர்கள் காலுறையோடு கழிப்பறைக்குப் போய், அதே காலுறையோடு வந்து கம்பளிக்குள் காலை நுழைத்துக்கொள்வார்கள். அந்தத் தரையில் இருக்கும் ஈரம் தண்ணீர் என்று நம்புகிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

என் மனைவி செல்வி சுரண்டைக்காரி. கைப்பையில் ஒரு பழைய ரப்பர் செருப்பு எப்போதும் வைத்திருப்பாள். பயணத்தில் கால் வீங்கும், அதனால் பூட்ஸைத் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் எழுந்து நடந்தால் செருப்பு ஏற வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவன் நான்.

2

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் வீடு. போன வருஷம் ஆனியில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் கெடு வைத்துவிட்டார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து, "நீ எதுக்குலே வந்த? டிக்கெட்டுக்குப் புடிச்ச கேடா?" என்று கேட்டார். மாதக் கடைசியில் நடக்கவே ஆரம்பித்துவிட்டார். என் வருஷத்து லீவு முழுவதும் அவர் பிழைத்ததற்குச் செலவாகிவிட்டது. சந்தோஷமாகத் திரும்பினேன்.

கார்த்திகையில், எந்த அறிவிப்பும் இல்லாமல், காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

தொழிற்சாலையில் சாவுக்கென்று ஒரு விடுப்பு உண்டு. சில நாள்கள். அலுவலகத்துப் பெண் அனுதாபத்தோடுதான் பேசினாள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு, அடக்கம் எந்தத் தேதி என்றெல்லாம் கேட்டுவிட்டு, சம்பளமில்லாமல் இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துத் தந்தாள். "கோடையிலும் அப்பாவுக்காகத்தானே போனீர்கள்?" என்றாள். ஒரே அப்பாவை இரண்டு தடவை காட்டி லீவு வாங்குகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. எப்படிக் கணக்குப் பார்த்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே நான் திரும்பியாக வேண்டும்.

உடம்பை எனக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். போய் இறங்கிய அன்றே கொள்ளி வைத்தேன். தலையும் மீசையும் மழித்தாயிற்று. சுடுகாட்டு வாசலில் என் செருப்பை யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். தாய்மாமா வந்து தோளில் கை போட்டார்.

"நீ இருக்கப் போறது நாலு நாளுன்னு தெரியும் மாப்ளே. காரியத்தக் கணேசன் செஞ்சிருவான். ஆனா கொள்ளி வச்சவன் நீ. பதினாறு முடியுத வரைக்கும் காலுல செருப்பு ஏறக்கூடாது, கேட்டியா? அத ஒனக்காவ வேற ஒருத்தன் இருக்க முடியாது."

கணேசன் என் தம்பி. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, இரவெல்லாம் கூட இருந்தது, குளிப்பாட்டியது எல்லாம் அவன். நான் செய்தது வந்து தீ வைத்தது. மாமா சொன்னது சரிதான். அப்பாவுக்கு என்று நான் செய்யக்கூடியது, எனக்குப் பதிலாக வேறு யாரும் செய்ய முடியாதது, செருப்புப் போடாமல் இருப்பது ஒன்றுதான்.

சாம்பலைக் கரைக்கக் குற்றாலம் போனோம். ஐயப்ப சாமிகள் சீசன். அருவியில் வெள்ளம், சிப்ஸ் கடைகளில் கூட்டம். கறுப்பும் காவியும் உடுத்து ஆயிரம் பேர் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நானும் வெறுங்காலோடு நடந்தபோது ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

3

ஒரு விஷயம் மாமாவுக்குத் தெரியாது. எங்கள் தொழிற்சாலையில் விரல் பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. மேலாளராக இருந்தாலும், மந்திரியே வந்தாலும் அதுதான் சட்டம். திங்கள்கிழமை காலை நான் அதை மாட்டியாக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே எனக்கு இது தெரியும். பதினாறு நாள் இருக்க முடியாது என்று தெரிந்துதான் மாமாவிடம் தலையாட்டினேன்.

அதனால் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. திங்கள்கிழமை வரைக்குமாவது இருந்துவிடுவோம். தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வரை கார், பிறகு மூன்று விமானம், பிறகு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் துக்கத்துக்கு உலகம் விட்டுவைத்திருந்த இடம் அவ்வளவுதான். அதிலும் முக்கால்வாசி ஆகாயத்தில்.

கிளம்பும்போது கணேசன் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பையில் திணித்தான். "போடாட்டாலும் கையில இருக்கட்டும்ணே. அங்கன பனியில்லா?" என்றான்.

திருவனந்தபுரத்தில் பெட்டி வாங்கும் பெண் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சளி பிடித்திருந்தது. தலையில் குல்லா, முகத்தில் மாஸ்க். அவளுக்கு மொட்டையும் தெரியவில்லை, மீசை இல்லாததும் தெரியவில்லை. தெரிந்தது வெறுங்கால் மட்டும்.

"சாமியாணோ?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டியது ஆமென்றா இல்லையென்றா என்று எனக்கே தெரியாது. "சாமி சரணம்" என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கொடுத்துவிட்டாள்.

4

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு நிஜச் சாமி. கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால், முப்பது வயதிருக்கும். என் காலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சாமி சரணம். நமக்கு எந்த ஊரு சாமி?"

"தென்காசி."

"அப்படிச் சொல்லுங்க. நான் ஆலங்குளம். துபாய்ல கிரேன் ஓட்டுதேன். மலைக்குப் போயிட்டு நேர இங்கன வாறேன் பாத்துக்கிடுங்க. வீட்டுக்குக்கூடப் போவல, லீவு அம்புட்டுதான். மாலையவே ரூம்ல போயித்தான் களட்டணும்."

அவனும் என்னைப் போல லீவுக்குப் பிறந்தவன்தான். விமானம் கிளம்பி மேலே போனதும் பையைத் திறந்து பிரசாத அப்பத்தை எடுத்தான். நெய் வாசனை மூன்று வரிசைக்குப் பரவியது. "சாமிக்கு எத்தனாவது மலை? குருசாமி மாதிரி இருக்கிய" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையில் அப்பத்தை நீட்டினான். இன்னொரு கை என் காலைத் தொடக் குனிந்தது.

காலை இழுத்துக்கொண்டேன். இந்த ஊர்க்காரனிடம் தலையாட்டித் தப்பிக்க முடியாது. தப்பிக்கவும் கூடாது.

"தம்பி, தொடாதிய. நான் சாமி இல்ல. அப்பா எறந்து பத்து நாளுகூட ஆவல. கொள்ளி வச்சவன் நான்."

குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக நிமிர்ந்து அப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பயமும் வருத்தமும்தான் இருந்தன. "தப்பா நெனச்சிராதிய அண்ணாச்சி. மாலை இன்னும் களுத்துல கெடக்கு. இல்லாட்டா நான் எந்திரிக்க மாட்டேன்" என்றான்.

"எந்திரிங்க தம்பி. அதான் முறை" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மணியை அழுத்தினான். வந்த பணிப்பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. "சீட் சேஞ்ச், சீட் சேஞ்ச்" என்றான். ஏன் என்று கேட்டாள். தீட்டு என்பதற்கு அவனிடம் ஆங்கிலம் இல்லை. அவனிடம் மட்டுமா? இத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டிய என்னிடமும் இல்லை. அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள், பிறகு என் வெறுங்காலைப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்து, நாற்றமா என்று ஜாடையில் கேட்டாள். எப்படியாவது இடம் கிடைத்தால் போதுமென்று அவன் "எஸ், எஸ்" என்றான்.

அவனைப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் கூட்டிப் போனவனும் வெறுங்கால்காரன்தான். ஆனால் கறுப்பு வேட்டியை அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும். பேன்ட் போட்டவனின் வெறுங்காலுக்குத்தான் காரணம் கிடையாது. என் பக்கம் குனிந்து, மிக மிக மரியாதையாக, மற்ற பயணிகளுக்குச் சிரமமாக இருக்கிறது, தயவுசெய்து காலணி அணியுங்கள் என்றாள். முன் இருக்கையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். எந்த வாக்கியத்தை எத்தனை பேருக்கு நான் மனசுக்குள் சொல்லியிருப்பேனோ, அதே வாக்கியம். அப்பா செத்துப்போனார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மாஸ்குக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஜோடி காலுறையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

காலுறை செருப்பாகுமா? மாமாவைக் கேட்க வழியில்லை. துணிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மாட்டிக்கொண்டேன். ஆனாலும் மாட்டும்போது அப்பாவை ஏமாற்றுவது மாதிரிதான் இருந்தது.

துபாயில் இறங்கி நடக்கும்போது பின்னால் குரல் கேட்டது. அந்தச் சாமி. கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டான்.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு என்ன வயசு?"

"எழுவத்தாறு."

"நீங்களாவது மூஞ்சியப் பாத்து கொள்ளி வச்சிட்டிய. எங்கப்பா எறந்தப்ப என்னால வர முடியல. கம்பெனில பாஸ்போட்டு குடுக்கல. வீடியோவுலதான் பாத்தேன்." சொல்லிவிட்டுக் கைகூப்பினான். நானும் கூப்பினேன். இரண்டு பேரும் அந்த வழுவழுத் தரையில் அவரவர் வாசலைத் தேடிப் போனோம்.

5

அடுத்த விமானம் நீளமானது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். உட்கார்ந்ததுமே பூட்ஸைக் கழற்றிவிட்டார். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஆளாக இருந்தால் டொரான்டோ வரைக்கும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்திருப்பேன். அன்று எனக்கு யார் காலைப் பற்றியும் பேச வாயில்லை.

கழிப்பறைதான் சோதனை. காலுறையோடு போனால் நனையும், கழற்றிவிட்டுப் போனால் அந்த ஈரத்தில் வெறுங்கால். பையில் கணேசன் வைத்த செருப்பு இருக்கிறது. நான் போட்ட சட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. முடிந்தவரை தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். அப்படியும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. காலுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, காகிதக் கைத்துண்டுகளைத் தரையில் பரப்பி அதன்மேல் நின்றேன். வெளியே வந்து இருக்கையில் உட்கார்ந்து, பொட்டல ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தேன். அப்பாவுக்காக இருக்கிறோம் என்ற நினைப்பில் அருவருப்பை அடக்கிக்கொண்டேனே தவிர, அருவருப்பு போகவில்லை.

வின்னிபெக்கில் செல்வியும் மகள் ஆர்த்தியும் காத்திருந்தார்கள். ஆர்த்திக்குப் பதினாறு வயது. கையில் என் பனிக்கால பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பனி வெள்ளைவெளேரென்று கிடந்தது.

"போடுங்கப்பா."

"வேண்டாம்மா. தாத்தாவுக்குப் பதினாறு முடியல."

"மைனஸ் இருபது அப்பா. உங்க விரல் போயிரும்."

"கார் வரைக்குந்தானே?"

"எல்லாரும் பாக்குறாங்க. ப்ளீஸ். தாத்தாவுக்குத் தெரியவா போகுது?"

கெட்ட எண்ணத்தில் அவள் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டாள். செல்விதான், "விடு ஆர்த்தி. காரை வாசலுக்குக் கொண்டாறேன், அப்பா ஏறிக்கிடட்டும்" என்றாள். கார் வந்து நிற்கும் இடத்துக்கு இருபது முப்பது எட்டு நடந்தால் போதும். பனியில் முதல் எட்டு சுட்டது. அதற்குப் பிறகு கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆர்த்தி என்னோடு வரவில்லை. அந்த பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ மாதிரி முன்னால் போய்க் காரில் ஏறினாள். ஏறியதும் சூடான காற்றைக் கால் பக்கம் திருப்பிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் ஒன்று உறைத்தது. இந்த நாட்டில் வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் மூன்று பேருமே வெறுங்காலோடு நடமாடினோம். சாயங்காலம் துக்கம் கேட்க வந்த இரண்டு குடும்பமும் வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த என் துக்கத்தை இங்கே கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. கணேசனுக்குப் போன் போட்டு, மூன்று விமானத்திலும் செருப்புப் போடவில்லை என்று சொன்னேன். அவனுக்காவது தெரியட்டும் என்றுதான். "சரிண்ணே, சரிண்ணே" என்றான்.

6

திங்கள்கிழமை காலை, உடை மாற்றும் அறையில் அலமாரியைத் திறந்து இரும்பு பூட்ஸை வெளியே எடுத்தேன். பக்கத்தில் ஒருவன், "விடுமுறை எப்படி இருந்தது?" என்று கேட்டான். நன்றாக இருந்தது என்றேன். கால் வீக்கம் வடியவில்லை. பூட்ஸ் ஏற மறுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்து மாட்டினேன். மணி பார்த்துக்கொண்டே கயிற்றை முடிந்தேன். அழவில்லை.

முதல் இடைவேளையில் கணேசன் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மா.

"ஏய்யா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"கணேசன் சொன்னான். ப்ளேன்ல எல்லாம் செருப்பில்லாமலே போயிருக்கியாம்லா. காலு நோவுதாய்யா?"

"இல்லம்மா."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்கப்பா இத ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. நான் சொல்லுதேன். உங்க தாத்தா எறந்து அஞ்சாம் நாளு ஸ்டேசன்ல இருந்து ஆளு வந்துட்டு. தேரோட்டத்துக்கு பந்தோபஸ்து, லீவு கெடையாதுன்னுட்டாவ. பூட்ச மாட்டிக்கிட்டுப் போனாவ. என்ன செய்ய முடியும், சொல்லு. திரும்பி வந்து அதக் களட்டிப் போட்டுட்டு, காலப் புடிச்சிக்கிட்டு அளுதாவ பாரு, அப்படி ஒரு அளுவ நான் பாத்ததில்ல. சாவுத வரைக்கும் அவுகளுக்கு அது மனசுல கெடந்து. 'எங்கப்பாவுக்கு நான் இருக்கல. எனக்கு எம் மூத்தவன் இருப்பாம் பாரு'ம்பாவ. எத்தன தடவ எங்கிட்ட சொல்லியிருக்காவ தெரியுமா?"

நான் குனிந்து காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தேன்.

"நீ இருந்துட்டய்யா" என்றாள் அம்மா. "அது போதும் எனக்கு. அவுக எங்கன இருந்தாலும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாவ."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. "வேலைக்கு நேரமாச்சும்மா, வைக்கேன்" என்றேன். உணவு தயாரிக்கும் இடம் என்பதால் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் பூட்ஸைக் கழுவ வேண்டும் என்பது விதி. வாசலில் மருந்து கலந்த நுரைத் தண்ணீர் தொட்டி இருக்கும். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஒரு காலை விட்டுத் தேய்த்து எடுத்தேன், பிறகு இன்னொரு காலை. சுத்தமாகிவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனேன்.